பஞ்சுக்கு என்ன கனம்?

கண்ணாடியைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் பார்சலக்கா ஆர்டர் படிவத்தைப் படிப்பார். அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளை முதலில் ஒரு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார். பிறகு மூக்குக்கு அருகே கொண்டுவருவார். பிறகு ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்களேன் அக்கா" என்று புதிதாக வந்தவர்கள் யாராவது சொன்னால், "வாங்கறவங்க எல்லாரும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டா படிக்கப்போறாங்க? ஒரு கண்ணு அடுப்புல, ஒரு கண்ணு இதுல" என்பார். கண்ணாடி இல்லாமல் தமக்குப் புரிந்தால்தான் அந்தத் தாள் அச்சுக்குப் போகலாம். புரியாத இடத்தில் சிவப்பு மையால் ஒரு சுழி விழும். சில தாள்கள் அம்மை போட்ட முகத்தோடு அச்சகத்துக்குத் திரும்பும்.

சுழித்து முடித்தபின் வாய்விட்டு வாசிப்பது. அதுவும் தம் குரலில் அல்ல. "இப்போ நான் ரிட்டயர்டு வாத்தியார்" என்று அறிவித்துவிட்டு ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிப்பார். "இப்போ நான் கைக்குழந்தைக்காரி" என்று சொல்லிவிட்டு இல்லாத குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, பாதி வரியில் விட்டு, மறுபடி எங்கே விட்டோம் என்று தேடுவார். அந்தத் தேடலில் இடம் கிடைக்காவிட்டால் அங்கே இன்னொரு சுழி. பக்கத்து மேசையில் கணக்கு எழுதும் பெண் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் தலையைத் தூக்குவதில்லை. பார்சலக்காவும் சிரிப்புக்காக அதைச் செய்யவில்லை. போனில் வந்து கத்தப்போகும் மனிதர்களை முன்கூட்டியே தாளுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டால், பின்னால் தொண்டைத் தண்ணீர் கொஞ்சம் மிஞ்சும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

தலையணையும் திண்டும் மெத்தையும் செய்கிற சின்ன நிறுவனம் அது. கீழ்த்தளத்தில் பஞ்சு அடிக்கும் இயந்திரமும் தையல் இயந்திரங்களும். மாடியில் அலுவலகம் என்று ஒரு நீள அறை. கீழே அடிக்கும் பஞ்சு படியேறி வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். டீயில் மிதக்கும், புருவத்தில் ஒட்டும், மாலையில் எல்லோரும் பத்து வயது கூடிப்போய் வீட்டுக்குக் கிளம்புவார்கள். செய்கிற சரக்கில் ஒரு பகுதி கடைகளுக்குப் போகும். மீதி, நடுவில் கடை இல்லாமல், நேராக வீடுகளுக்குப் போகும். துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் படிவம் இருக்கும். நிரப்பி வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பலாம், அல்லது போன் செய்யலாம். இந்த நேரடி விற்பனைக்கு 'ஆர்டர் பிரிவு' என்று கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது. உள்ளே வந்தால் பிரிவு என்பது பார்சலக்காவும் ஒரு மேசையும் ஒரு போனும்.

இந்தத் தொழிலில் பஞ்சைப்போல ஏமாற்றுகிற பொருள் வேறு கிடையாது. தலையணையைக் கையில் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கூரியர்காரனோ அதைத் தராசில் வைப்பதே இல்லை. டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் என்று பெட்டியை அளப்பான். வண்டியில் எவ்வளவு இடம் அடைக்கிறதோ அதற்குத்தான் கூலி. இதை ஊருக்குப் புரியவைப்பதிலேயே பார்சலக்காவின் பாதி ஆயுள் போய்விட்டது.

"ஏம்மா, பஞ்சுக்கு என்னம்மா கனம்? காத்தை அனுப்பறதுக்கா இவ்ளோ கேக்கறீங்க?"

"ஐயா, பஸ்ஸுல ஒல்லியா இருக்கறவங்களுக்கு அரை டிக்கெட் குடுக்கறாங்களா? உக்காந்தா ஒரு சீட்டு போச்சுல்ல? அதுமாதிரிதான் இதுவும்."

இந்தப் பதிலைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல வருஷம் ஆனது. அதற்கு முன் படிவத்தில் 'பரும எடை' என்று போட்டுப் பார்த்தார்; அது என்ன வியாதி என்று கேட்டார்கள். அட்டவணை போட்டார், அட்டவணையைக் கண்டதும் தாளை மடித்துவிட்டார்கள். பஸ் டிக்கெட்டைச் சொன்ன பிறகுதான் மறுமுனையில் "அட, ஆமால்ல" என்ற சத்தம் வர ஆரம்பித்தது. ஒரே ஒரு ஆள் மட்டும், "அப்போ என் தலையணையை யார் மடியிலயாவது வச்சு அனுப்பும்மா" என்று சொன்னார். அந்த ஆளை இன்றைக்கும் மரியாதையோடு நினைத்துக்கொள்வார்.

வெற்றுக் கட்டங்களைப் பார்த்தால் மக்கள் மிரளுகிறார்கள் என்று, ஒருமுறை நிரப்பிய மாதிரி ஒன்றைப் படிவத்தின் ஓரத்தில் அச்சிட்டார். தலையணை இரண்டு, திண்டு ஒன்று, நீல உறை, அனுப்பும் செலவு இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவு. வேலை சுலபமாகிவிடும் என்றுதான் நினைத்தார். வந்த ஆர்டர்களைப் பிரித்தால், பாதிப் பேர் அதையே அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள். ஊரெல்லாம் இரண்டு தலையணை, ஒரு திண்டு, நீல உறை. சரி, அதுதான் பிடித்திருக்கிறது போல என்று கட்டி அனுப்பியும்விட்டார். பிறகு போன் அடித்தது.

"நான் ஒத்தை ஆளும்மா. ஒரு தலையணை போதும். திண்டு எதுக்கும்மா எனக்கு?"

"நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? திண்டு ஒண்ணுன்னு?"

"நீங்க எழுதிக் காட்டின மாதிரிதானே நான் எழுதினேன்? மாத்தி எழுதினா தப்பாயிடாதா?"

பார்சலக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த திண்டுகள் ஒரே மூச்சில் காலியாகிவிட்டன. "அருமையான ஐடியாம்மா இது. அடுத்த தடவை மாதிரியில ஒரு மெத்தையையும் சேர்த்து எழுதிடுங்க" என்றார். பார்சலக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த படிவத்தின் மாதிரியில், 'யானைக்குத் தலையணை: ஒன்று' என்று எழுதினார். இதை எவனும் பார்த்து எழுதமாட்டான் என்பது அவர் கணக்கு. ஒருவரும் எழுதவில்லைதான். ஆனால் மூன்று பேர் போன் போட்டு, அந்த யானை சைஸ் எவ்வளவு நீளம், ரெண்டு பேர் படுக்கலாமா என்று விசாரித்தார்கள். முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனால் பார்சலக்கா பேசுவதில்லை. பகலெல்லாம் பேசிய வாய்க்கு அவர் கொடுக்கும் விடுமுறை அது. வேன் ஓட்டுகிற கணவரும் கல்லூரிக் கடைசி வருஷத்தில் இருக்கும் மகளும் இதற்குப் பழகிவிட்டார்கள். தலையசைப்பிலும் புருவத்திலும் குடித்தனம் நடக்கிறது. வீட்டில் போன் அடித்தால் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். மகள் தோழியோடு போட்ட சண்டையை நீட்டி முழக்கிச் சொல்ல ஆரம்பித்தால், கையை உயர்த்தி, "மொத்தம்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார். மகள் கடுப்பாகிவிடுவாள். "அம்மாகிட்ட மனசு விட்டுப் பேச முடியாதுப்பா. பில்லு போட்டுத்தான் பேசணும்" என்று அப்பாவிடம் புகார் போகும். கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவே, வீட்டு வாடகை எவ்ளோ, தண்ணிக்குத் தனியா, சேத்தான்னு கேட்டவ அவ. இன்னிக்கா மாறப்போறா?" என்பார். அதற்கு மட்டும் பார்சலக்காவின் உதட்டோரம் லேசாக அசையும்.

ஆனால் இந்த 'மொத்தம்' என்கிற சொல் அவருக்கு வெறும் வாய்ப்பழக்கம் இல்லை.

போன வருஷம் ஆர்டர் படுத்தபோது முதலாளி ஒரு படிவம் போட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அப்பா விட்டுப்போன பட்டறை; கீழே தைக்கிற பெண்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும்; கடைக்காரர்கள் சரக்கை வாங்கிப்போட்டுவிட்டுப் பணத்துக்கு இழுத்தடிப்பார்கள். எதிராளிகள் எல்லாரும் 'டெலிவரி இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு, தலையணையைப் பாதியாகச் சுருக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். "நாம மட்டும் மொத்தத்தை முதல் வரியில போட்டா, பாக்கறவன் பாத்த உடனே பயந்து ஓடுறான்மா" என்றார். அவருடைய படிவத்தில் தலையணையின் விலை மட்டும் பெரிதாக இருந்தது. அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி, 'அனுப்பும் செலவு தனி' என்று ஒரு வரி. எவ்வளவு என்று இல்லை. வீட்டு வாசலில் கூரியர்காரன் வசூலித்துக்கொள்வான்.

ஆர்டர் குவிந்தது. பிறகு பார்சல்கள் திரும்பிவந்து குவிந்தன. மாடிப்படியின் கீழே, ஜன்னலை அடைத்துக்கொண்டு, கழிவறைக்குப் போகும் வழியில்கூட, வாசல்வரை போய் அவமானப்பட்டுத் திரும்பிய தலையணைகள். போனை எடுத்தால் திட்டு. ஏமாத்துறீங்களா என்றார்கள், போலீசுக்குப் போவேன் என்றார்கள், உருப்படுவீங்களா என்றார்கள். பார்சலக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சாரிங்க" என்று சொல்லி, எழுதிக்கொண்டு, வைத்தார். திட்டு அவரை ஒன்றும் செய்யாது. அது பழகிய மழை.

ஒருவர் மட்டும் திட்டவில்லை. வயதான குரல். படுத்த படுக்கையாக இருக்கும் மனைவிக்குக் கழுத்துக்கு வைக்கத் தலையணை கேட்டிருந்தவர்.

"பார்சல் வந்துச்சும்மா. அந்தத் தம்பி மேல கேட்டுச்சு. நான் தலையணைக்கு உள்ளதை மட்டும்தான் எடுத்து வச்சிருந்தேன். பக்கத்து வீட்ல கேக்கப் போனேன், அவங்க இல்ல. அந்தத் தம்பிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடுச்சு. உங்களுக்கு வீண் அலைச்சல். தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தவறு எங்களுடையது என்று பார்சலக்கா சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். மறுநாளே அந்தத் தலையணையைத் தேடி எடுத்து, கூரியர் கூலியைத் தம் கையிலிருந்து கட்டி, திரும்ப அனுப்பினார். அது மறுபடியும் திரும்பிவந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது என்று மேலே எழுதியிருந்தது. ஏன் பூட்டியிருக்கிறது என்று பார்சலக்கா போன் செய்து கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அன்று இரவு சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் "என்னம்மா?" என்றதற்கு, "அவரு மன்னிப்புக் கேட்டாரு" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்கடுத்த நாள் பார்சலக்கா முதலாளி முன்னால் போய் ஒற்றைக்காலில் நின்றார். மொத்தம் முதல் வரியில், பெரிய எழுத்தில் வரவேண்டும். அனுப்பும் செலவு எவ்வளவு, ஏன் என்று அடுத்த வரியில் வரவேண்டும். இல்லாவிட்டால் போனை எடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பிவந்த மூட்டைகளைத் தாண்டித்தான் முதலாளி தம் நாற்காலிக்குப் போகவேண்டியிருந்ததால், அவரும் சரி என்றார்.

புதிய படிவம் போனது. திரும்பிவருவது அடியோடு நின்றது. திட்டு நின்றது. மாடிப்படிக்கு வெளிச்சம் வந்தது. கூடவே ஆர்டரும் வற்றிப்போனது. போன் சும்மா கிடக்கும் மத்தியான வேளைகளில் பார்சலக்கா வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். ஐம்பது தாண்டியவரை எந்த ஆபீஸில் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்? கணவருக்கு முட்டிவலி, வேன் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. மகளுக்குப் படிப்பு முடிய வேண்டும். நாமே நம் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டோமா என்று அவருக்கே சில நாள் தோன்றும். தோன்றிய கையோடு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படிவத்தில் இன்னும் தெளிவாக்க ஏதாவது வரி இருக்கிறதா என்று பார்ப்பார்.

இந்த வாரம் முதலாளி மறுபடியும் வந்தார். கையில் அச்சகத் தாள். பார்சலக்காவின் இடப்பக்கம், மேசையை ஒட்டி நின்றுகொண்டு, தாளை மெதுவாக அவர் முன் வைத்தார். தலையணை விலை பெரிதாக. அடியில் அந்த எறும்பு வரி.

"நான் நல்லா யோசிச்சுட்டேன்மா. கோவப்படாதீங்க."

"எனக்கு என்ன சார் கோவம்."

"அப்போ திரும்பி வந்தது போக மிச்சம் நின்னுச்சுல்ல? அதுவே போதும். இப்போ அதுகூட இல்ல."

"வாசல்ல வச்சு கேக்கறது தப்பு சார். கையில இல்லாதவங்க கூனிக் குறுகிப் போயிடறாங்க."

"எல்லாரும் பண்றதுதாம்மா. நாம மட்டும் என்ன பெரிய..." என்று ஆரம்பித்தவர், பாதியில் விட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "இந்த மாசம் பாக்கறேன். ஏறலேன்னா நேரடி ஆர்டரையே நிறுத்திடலாம்னு இருக்கேன். கடைக்கு மட்டும் போட்டுக்கலாம்."

"அப்போ நான்?"

"பாக்கலாம். கீழ ஏதாவது..." என்றார். கீழே ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பார்சலக்காவுக்கு அலுத்துப்போயிருந்தது. சண்டை போடும் அலுப்பு அல்ல, அதைத் தாண்டிய ஒன்று. சரி சார், உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே நிம்மதி. மாதச் சம்பளம் வரும். திட்டு வரும், வரட்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது போன் அடித்தது.

நாள் முழுக்க அடிக்காத போன். இருவரும் அதைப் பார்த்தார்கள். "எடுங்க" என்று முதலாளி அவசரமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலையணை விலையை மட்டும் சொல்லுங்க, போதும். மத்தது வாசல்ல பாத்துக்கலாம்" என்றார்.

பார்சலக்கா ரிசீவரை எடுத்து இடக்காதில் வைத்தார். ஒரு பெண்குரல். பின்னால் குக்கர் சத்தம். நாலு தலையணை வேண்டுமாம். வீட்டில் எல்லாருக்கும் கழுத்து வலியாம்.

"நாலும் சேத்து எவ்ளோ ஆகும்மா?" என்றது குரல்.

முதலாளி தலையை ஆட்டி, மேசைமேல் இருந்த தாளில் அந்தப் பெரிய எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பார்சலக்கா அந்த விரலைப் பார்த்தார். நகத்திடுக்கில் பஞ்சு இருந்தது.

பிறகு மொத்தத்தைச் சொன்னார். அனுப்பும் செலவோடு, வாசலில் ஒரு காசுகூடத் தரவேண்டியதில்லை என்பதோடு, ஒரே மூச்சில், தெளிவாக.

"அவ்ளோவா?" என்றது குரல். பிறகு வாயைப் போனிலிருந்து நகர்த்தி, வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டு ஏதோ கேட்பது தூரத்தில் கேட்டது. முதலாளி பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினார். "குடுங்கம்மா, நான் பேசறேன். போயிடுவாங்க."

"நீங்க மெதுவா கேட்டுட்டு வாங்கம்மா" என்றார் பார்சலக்கா போனில். "நான் லைன்லதான் இருக்கேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பார்சலக்கா ரிசீவரை இடக்காதிலிருந்து எடுத்து, அந்தக் கைக்கு எட்டாத வலக்காதில் வைத்துக்கொண்டார்.